அண்ணாச்சிமார் ராட்டினம் ஏறினார்கள்

நம் சங்கத்தின் குடும்பச் சுற்றுலா என்றால் இதுவரை திருச்செந்தூர், பழனி, குற்றாலம் ஆகிய மூன்றில் ஒன்றுதான். இந்த முறை கூட்டத்தில் பேச்செடுத்ததும், அப்பாவுக்குத் துணையாக வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். "சாமி கும்பிட நம்ம ஊர்லயே கோயில் இருக்கு. ஒரு தடவை தீம் பார்க் போவோம்" என்றான். பெரியவர்கள் சிரித்தார்கள். வீட்டில் போய்ச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் நான்கைந்து பேர், "எங்க வீட்டிலும் அதையே சொல்லுறாக" என்று வந்து நின்றார்கள்.

பேச்சு இடத்தைப் பற்றியதாக இருந்தாலும், எல்லோர் மனதிலும் இருந்தது கடை. சுந்தரபாண்டியத்தில் என் பலசரக்குக் கடை துக்க நாட்களிலும், மே 5 வணிகர் தினத்திலும் தவிர சாத்திக் கிடந்ததாக எனக்கு நினைவில்லை. "ஒரு நாள் சாத்தினால் ஒரு வாடிக்கை சாயும்" என்பது என் தகப்பனார் சொல்லிப் போன சொல். கடையில் வேலை பார்ப்பவருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு யார் விடுமுறை தருவது?

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். ஊரிலுள்ள 20 கடைகளில் 11 கடைக்காரர்கள் குடும்பத்துடன் புறப்படுவது, 9 பேர் கடை திறந்திருப்பது. புறப்படுகிறவர்கள் ஒரு வாரம் முன்பே அறிவிப்புப் பலகை வைத்துவிட வேண்டும். திறந்திருப்பவர்கள், வரும் வாடிக்கையாளருக்கு ரொக்கத்துக்குச் சரக்குக் கொடுக்கலாம். புதிதாக மாசப்பற்று எழுதக் கூடாது. இதை வாய்ச்சொல்லாகவே வைத்துக்கொண்டோம். மாதத்தின் முதல் பத்து நாள் சம்பளக் கூட்டம் என்பதால் ஏப்ரல் கடைசி வாரம் என்றும், சனி ஞாயிறில் பூங்காக்களில் நெரிசல் அதிகம் என்பதால் செவ்வாய்க்கிழமை இரவு கிளம்புவது என்றும் முடிவாயிற்று.

இடம் கொச்சி. சென்னை நமக்குத் தொலைவு. பொதிகை எக்ஸ்பிரஸில் இத்தனை குடும்பங்களுக்கு ஒரே நாளில் படுக்கை வசதி கிடைப்பதும் எளிதல்ல. பேருந்தென்றால் கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை, புனலூர் என்று இரவோடு இரவாகப் போய்ச் சேரலாம். வண்டி பேசும்போது வாடகையை மட்டும் பேசாமல், கேரளாவுக்குள் போக அனுமதிச்சீட்டு உள்ள வண்டிதானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லையில் நள்ளிரவில் நின்று கொண்டு அதைப் பற்றிப் பேசுவது சுகமான காரியம் அல்ல.

கொச்சிக்கு அருகே பள்ளிக்கரையில் இருக்கும் வொண்டர்லா பூங்கா 2000-ஆம் ஆண்டில் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் கொச்சௌசப் சிட்டிலப்பிள்ளி. நம் வீடுகளில் ஃப்ரிட்ஜுக்கும் டி.வி.க்கும் வைத்திருக்கும் வி-கார்டு ஸ்டெபிலைசரை 1977-இல் மிகச் சிறிய அளவில் தயாரிக்கத் தொடங்கியவரும் இவரே. கொச்சிக்குப் பிறகு 2005-இல் பெங்களூரிலும், 2016-இல் ஐதராபாத்திலும் பூங்கா அமைத்தார்கள். இடையில் 2014-இல் கம்பெனி பங்குச்சந்தைக்கு வந்தது. 2025 டிசம்பரில் சென்னையை அடுத்த திருப்போரூர் பக்கமும் திறந்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டுக் கதையும் இதுபோன்றதுதான். சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தங்கக் கடற்கரை அமைத்த வி.ஜி.பன்னீர்தாஸ், கடிகாரமும் ரேடியோவும் தவணைக்கு விற்று வளர்ந்த தென்மாவட்டத்துக்காரர். அங்கே அசையாமல் நிற்கும் 'சிலை மனிதனை'ச் சிரிக்க வைக்கப் பார்த்துத் தோற்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. தாம்பரம் அருகே 1995-இல் கிஷ்கிந்தாவைத் தொடங்கியவர் 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற முப்பரிமாணப் படத்தை எடுத்த நவோதயா அப்பச்சன். இவர்கள் எல்லோருமே வேறு தொழிலிலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள்.

தொழில் என்ற முறையில் இதைப் பார்க்கும்போது முதலில் நுழைவுச்சீட்டைக் கவனிக்க வேண்டும். நம் ஊர்த் திருவிழாவில் தொட்டி ராட்டினத்துக்குத் தனிக் காசு, குடை ராட்டினத்துக்குத் தனிக் காசு. அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்டைத் திறந்தபோதும் முறை இதுவாகத்தான் இருந்தது. உள்ளே நுழைய ஒரு கட்டணம், விளையாட்டு ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். அதே ஆண்டில் சீட்டுப் புத்தகம் போட்டார்கள். சாதாரண விளையாட்டுக்கு மலிவான சீட்டு, பெரிய விளையாட்டுக்கு விலை கூடிய சீட்டு. 1982-இல் அதையும் விட்டுவிட்டு, ஒரே கட்டணத்தில் நாள் முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம் என்று மாற்றினார்கள். இன்று நம் நாட்டுப் பெரிய பூங்காக்களில் இந்த முறையே அதிகம்.

வாசலில் கட்டணப் பலகையைப் பார்த்ததும் எங்கள் பொருளாளர் அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஒரு மூடை அரிசிக் காசுல்ல" என்றார். மாலை வரை அவர் ஒவ்வொரு விளையாட்டிலும் ஏறி இறங்கிவிட்டு, விரல் விட்டு எண்ணி, "தலைக்கு இத்தனை ரூபாய்தான் விழுந்திருக்கு" என்று கணக்கு வைத்துக்கொண்டிருந்தார். ஒரே சீட்டின் சூட்சுமம் இதுதான். உள்ளே போனபின் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் வலி ஒரு முறையோடு முடிந்துவிடுகிறது. அதன்பிறகு வாங்கும் ஐஸ்கிரீம் மலிவாகவே தோன்றும்.

வாரநாள் என்றால் சலுகை, குழுவாக வந்தால் சலுகை, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சலுகை. இவ்வளவு தள்ளுபடி எப்படிக் கட்டும் என்று எங்கள் ஆட்களுக்கு ஆச்சரியம். நான் யோசித்துப் பார்த்ததில் விளங்கியது இது. பூங்காவுக்கு நிலம், இயந்திரம், கடன் வட்டி, சம்பளம், மின்சாரம், காப்பீடு எல்லாம் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆயிரம் பேர் வந்த நாளில் ஆயிரத்து ஓராவது ஆள் வந்தால் கூடுதல் செலவு மிகக் குறைவு. அவர் கொடுப்பது பெரும்பாலும் லாபம். அதே சமயம், இன்று காலியாகப் போன இருக்கையை நாளைக்கு விற்க முடியாது. காலையில் வந்த கீரைக்கட்டு மாலையில் வாடிப்போவதைப் போலத்தான். ஆகவே கீரைக்காரம்மா மாலையில் விலை குறைப்பது போல அவர்கள் செவ்வாய், புதன் கிழமைகளில் குறைக்கிறார்கள்.

நம் நிலை நேர் எதிர். ஒவ்வொரு கிலோ சீனிக்கும் விருதுநகருக்குப் பணம் கட்டித்தான் மூடை இறங்கியிருக்கிறது. கிலோவுக்கு நிற்பது ஒன்றிரண்டு ரூபாய். இன்று விற்காத துவரம்பருப்பு நாளைக்கும் துவரம்பருப்புதான். பெரிய கடைகளின் தள்ளுபடி விளம்பரத்தைப் பார்த்து அதேபோல நாமும் போட நினைக்கும் இளைஞர்கள், தங்கள் சரக்கில் எது கீரை, எது பருப்பு என்று ஒரு முறை பிரித்துப் பார்ப்பது நல்லது. வாழைப்பழத்தில் சலுகை போடலாம். எண்ணெய் டின்னில் போட்டால் முதலே கரையும்.

அடுத்தது வரிசை. இதைப் பற்றி நான் சொல்வதைவிட, என் கடையில் வேலை பார்க்கும் தம்பி சொன்னதைச் சொல்லுகிறேன். (வேலை பார்ப்பவர்களையும் அழைத்துப் போனோம். அது தனித் தீர்மானம். ஒருவரும் எதிர்க்கவில்லை.) பெரிய ராட்டின ரயிலுக்குக் காத்து நின்றபோது அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "அண்ணாச்சி, ஏத்தி இறக்குறதுலதான் எல்லாம் இருக்கு" என்றான்.

கணக்கு எளிது. ஒரு ரயிலில் 24 பேர், 2 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 30 ஓட்டம், 720 பேர். ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றி, கண்ணாடியைக் கொடுத்து, பையில் செல்போனைத் தேடி ஒரு நிமிடம் தாமதித்தால் ஓட்டம் 20 ஆகும். மணிக்கு 480 பேர்தான். ரயில் ஓடும் வேகம் மாறவே இல்லை. ஆனாலும் 240 பேர் வெயிலில் கூடுதலாக நிற்கிறார்கள். ஆகவே ஏறும் இடத்துக்கு முன்பே ஒருவர் நின்று கொண்டு பையையும் செருப்பையும் வாங்கி வைத்துவிடுகிறார். வரிசையையும் நேராக விடாமல் மடித்து மடித்து விடுகிறார்கள். நீளம் கண்ணுக்குத் தெரியாது. கால் நகர்ந்துகொண்டே இருப்பதால் மனிதர்களுக்குப் பொறுமையும் இருக்கிறது.

கூடுதல் பணம் கட்டினால் வரிசையில் முந்திச் செல்லும் சீட்டும் உண்டு. அதை நம் கடையில் ஒரு முறை போட்டுப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். முதல் தேதியன்று சீனிக்கு நிற்கும் பெண்கள் முன்னிலையில் அதை அறிவிக்க அவரையே அனுப்புவதாகச் சொன்னேன். பேச்சு அத்துடன் நின்றது.

இனி அந்த ரயில் ஏறும் கதை. அதில் எஞ்சின் கிடையாது என்பது எங்களில் பலருக்குப் புதுச் செய்தி. ஒரு சங்கிலி ரயிலை இழுத்துக்கொண்டுபோய் உச்சியில் விடுகிறது. அதற்கப்புறம் எல்லாம் இறக்கத்தின் வேகம்தான். உராய்விலும் காற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் போய்விடுவதால், அடுத்தடுத்த மேடுகள் முதல் மேட்டைவிடத் தாழ்ந்தே இருக்கும். ஏறும்போது 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம் வரும். ஏதோ கழன்றுவிட்டது என்று எங்கள் அண்ணாச்சி ஒருவர் முருகனைக் கூப்பிட்டார். உண்மையில் அது ரயில் பின்னால் வழுக்காமல் பல்லில் பல்லாக விழும் கொக்கியின் சத்தம். அது கேட்கும் வரை நல்லது.

தலைகீழாகப் போகும்போது ஏன் விழுவதில்லை என்று பிள்ளைகள் கேட்டார்கள். வாளியில் தண்ணீரை வைத்துக் கையை வேகமாகச் சுழற்றினால் தலைக்கு மேலே போகும்போதும் தண்ணீர் கொட்டாது அல்லவா? அதுதான் விஷயம். தோள்மேல் இறங்கும் கம்பி அதற்கும் மேலான காவல். அந்தச் சுழலும் முழு வட்டம் அல்ல. மேலே குறுகி கீழே அகன்ற, கவிழ்த்த நீர்த்துளி போன்ற வடிவம். முழு வட்டமாக வைத்தால் அடியில் நுழையும்போது உடம்பின்மேல் விழும் அழுத்தம் தாங்காது. பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒரு பகுதியில் ஒரு ரயில் மட்டுமே இருக்கும்படி பிரேக் வைப்பார்கள். காற்றழுத்தம் போய்விட்டால் அந்த பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். லாரி வைத்திருப்பவர்களுக்கு இது விளங்கும்.

உயரம் அளக்கும் கம்பத்தின் அருகே நின்று "பையன் ஓரங்குலம்தானே குறைச்சல்" என்று வாதாட வேண்டாம். தோள்கம்பியின் அளவு அந்த உயரத்தை வைத்துச் செய்தது. இருதய நோய், ரத்தக் கொதிப்பு, முதுகுத்தண்டுக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கீழே இருந்து கையசைப்பதே சரி. எனக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. நான் கையசைத்தேன். மேலே சொன்ன டக்டக்கெல்லாம் மற்றவர்கள் சொல்லக் கேட்டது.

ராட்சத ராட்டினத்தில் மட்டும் ஏறினேன். 1893-இல் சிகாகோ கண்காட்சிக்காக ஃபெரிஸ் என்ற பொறியாளர் நிறுத்திய முதல் பெரிய ராட்டினத்தின் உயரம் 264 அடி. 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர். ஒரு சுற்றில் நம் ஊர்த் தெருக்கள் சில மொத்தமாக மேலே போய்விடும். எனக்கு நம் திருவிழாவில் ஆட்கள் கையால் தள்ளிவிடும் தொட்டி ராட்டினம் நினைவுக்கு வந்தது. மேலே போனதும் என் மனைவி, "இங்கிருந்து பாத்தா கடை தெரியுமா?" என்றாள். கேலிதான். ஆனால் காலையிலிருந்து நான்கு முறை ஊருக்குப் போன் போட்டிருந்தேன் என்பதை அவள் கவனித்திருக்கிறாள்.

தண்ணீர் விளையாட்டுப் பக்கம் வேறு சிக்கல் வந்தது. பருத்தி உடையோடு இறங்கக் கூடாது, நைலான் போன்ற உடைதான் வேண்டும் என்றார்கள். நெசவு நடக்கிற ஊரிலிருந்து போனவர்களிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? தறி வைத்திருக்கும் ஒரு குடும்பத்துப் பெரியவர், "நாங்க நெய்யறது தண்ணிக்கு ஆகாதா?" என்று கோபித்துக்கொண்டார். காரணம் இருக்கிறது. பருத்தி நீரைக் குடித்துக் கனத்துப் போகும். அதன் பிசிறு உதிர்ந்து வடிகட்டியை அடைக்கும். அந்தக் குளத்து நீரைத் தினமும் மாற்றுவதில்லை. வடிகட்டி, குளோரின் சேர்த்துத் திரும்பத் திரும்பச் சுற்ற விடுகிறார்கள். வாடகைக்கும் விற்பனைக்கும் உடை வாசலிலேயே இருக்கிறது. வீட்டிலிருந்தே கொண்டுபோனால் அந்தச் செலவு மிச்சம்.

அலைக்குளத்தில் எங்கள் பெண்கள் இறங்கியபின் வெளியே கொண்டுவருவதுதான் பெரும்பாடாகிவிட்டது. குளத்தின் ஆழமான கோடியில் சுவருக்குப் பின்னே அறைகள் இருக்கும். அதற்குள் காற்றை அழுத்தி நீரைக் கீழே தள்ளி, பிறகு விடுவார்கள். நீர் மேலெழும். இப்படி மாறி மாறிச் செய்தால் அலை. 30 ஆண்டுகளாக அடுப்படி, கடை, அடுப்படி என்று நடந்த ஒரு மதினி, அலை வந்து தள்ளிய ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சிரித்ததை அவர் வீட்டுக்காரர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இவ இப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்லை" என்று என்னிடம் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது பெரும்பாலான பூங்காக்களின் விதி. இது தெரிந்தும் எங்கள் வீட்டுப் பெண்கள் புளிச்சோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் கட்டியிருந்தார்கள். (நம் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு 2019-இல் கிடைத்தது.) வண்டி நிறுத்தும் இடத்திலேயே காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு உள்ளே போனோம்.

திரும்பும் வழியில் ஒரு ஓட்டலில் தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் பில் போட்டார்கள். எங்கள் ஆட்கள் கொதித்துவிட்டார்கள். நாம் ஒரு ரூபாய் கூட வாங்கினால் எடையளவு ஆய்வாளர் வந்துவிடுகிறாரே என்பது நியாயமான கேள்விதான். பரிமாறும் சேவையும் சேர்ந்திருப்பதால் ஓட்டல், உணவகங்கள் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடையில் விற்கும் நமக்கு அது பொருந்தாது. திரையரங்குகள் வெளி உணவைத் தடுக்கலாம், ஆனால் குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் கூறியது. ஆகவே எங்கே போனாலும் குடிநீர்க் குழாய் எங்கே என்று முதலில் கேளுங்கள்.

கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பூங்கா நுழைவுக்கு ஜி.எஸ்.டி. 2017-இல் 28 சதவீதமாக இருந்தது. 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைந்தது. உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்துப் பில் வாங்கினாலும், குடும்பத்தோடு பொழுதுபோக்கிய செலவுக்கு உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. அந்தத் தொகையைக் கடைச் செலவில் எழுதுவதும் சரியல்ல. சொந்தப் பற்றில் எழுதுங்கள். வேலை பார்ப்பவர்களின் பங்கை மட்டும் ஊழியர் நலச் செலவாகத் தனியே எழுதி, ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை விடியற்காலை ஊர் வந்து சேர்ந்தோம். ஐந்தரை மணிக்கு நான் ஷட்டரைத் தூக்கியபோது பால் பாக்கெட்டுக்காக இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "எங்கே போனீர்கள்?" என்று கேட்கவில்லை, "எப்படி இருந்துச்சு?" என்றுதான் கேட்டார்கள். ஒரு நாள் வியாபாரம் போனது உண்மை. மறுநாள் வழக்கத்தைவிடக் கூடுதலாக நடந்ததில் ஒரு பகுதி திரும்பியது, எல்லாம் திரும்பவில்லை. என் மாசப்பற்றுக்காரர்களில் ஒருவர் மட்டும் அடுத்த மாதம் வரவில்லை. அவர் பாக்கி வைத்திருந்தவர். விடுமுறையை ஒரு சாக்காக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். திறந்திருந்த ஒன்பது கடைக்காரர்களில் எவரும் சொன்ன சொல் தவறவில்லை.

மே மாதம் முதல் தேதி காலையில் கடைக்குப் போனபோது, என் தம்பி கடை வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு, அட்டையில் எண் எழுதிய டோக்கன்களை ஆணியில் மாட்டி வைத்திருந்தான். வருகிறவரிடம் முதலில் சிட்டையையும் பையையும் வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுக்கிறான். எடை போடுவது ஒருவர், காசு வாங்குவது நான். பத்து மணிக்குள் கூட்டம் கலைந்துவிட்டது. வழக்கமாக அன்று பன்னிரண்டு ஆகும்.

அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுப்பதில், இம்முறை கடை திறந்திருந்த ஒன்பது குடும்பங்களுக்கு முதலிடம் என்று சங்கக் கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. அவர்கள் கிளம்பும் நாளில் என் கடை திறந்திருக்கும்.